பண்டிகை ஹாம்: தனிக்கடையா, சூப்பர்மார்க்கெட்டா, புகைக்கூடமா?

அமெரிக்காவில் நன்றியறிதல் நாள், கிறிஸ்துமஸ், ஈஸ்டர் மூன்றுக்கும் முந்தைய வாரத்தில் ஹாம் கடைகளின் வாசலில் வரிசை நிற்கும். ஹனிபேக்ட் போன்ற தனிக்கடைகளில் ஜரிகைக் காகிதம் சுற்றித் தரும் ஒரு பாதித் தொடைக்கு, அதே எடைக்குச் சூப்பர்மார்க்கெட்டில் கேட்பதைவிட மூன்று நான்கு மடங்கு விலை கேட்பது சாதாரணம். இரண்டுமே உப்பூட்டிப் புகையூட்டி முழுதாக வேகவைத்த பன்றித் தொடைதான். இரண்டுமே சுருளாக வெட்டியவைதான். அப்படியிருக்க, கூடுதல் பணம் எதற்குப் போகிறது? அது எந்த வீட்டுக்குத் தகும், எந்த வீட்டுக்குத் தகாது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஹாமைக் குளிர்ச்சியாகவோ லேசாகக் குளிர் விட்ட நிலையிலோ பரிமாறப் போகிறீர்கள் என்றால், தனிக்கடை ஹாம் கொடுத்த காசுக்கு நியாயம் செய்யும். சுடச்சுட மேசைக்கு வந்தே ஆக வேண்டும் என்றால், சூப்பர்மார்க்கெட்டில் வெட்டாத ஹாம் ஒன்றை லேபிள் பார்த்து வாங்கி, கிளேஸை, அதாவது இனிப்பு மேல்பூச்சை, வீட்டிலேயே பூசுங்கள். பாதிக்கும் குறைந்த செலவில் அதைவிட நல்ல சாப்பாடு கிடைக்கும். தனிக்கடை ஹாமை வாங்கிவந்து ஓவனில் வைத்துச் சூடேற்றுவதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு. பெரும்பாலான வீடுகளில் நடப்பதும் அதுதான்.

தனிக்கடையில் எதற்குக் காசு

சுருள்வெட்டு என்பது, எலும்போடு இருக்கும் தொடையை இரு முனையிலும் பிடித்துச் சுழலவிட்டு, மெல்லிய கத்தியை எலும்பு வரை இறக்கி, மேலிருந்து கீழ்வரை ஒரே தொடர் துண்டாக அறுப்பது. அதற்கான இயந்திரத்தை உருவாக்கியவர் ஹாரி ஹோன்செலார். 1957இல் டெட்ராய்ட் நகரில் அவர் தொடங்கிய கடைதான் ஹனிபேக்ட். காப்புரிமை இருந்தவரை அந்த வெட்டு அவருடைய தனிச்சொத்து. அது காலாவதியானதும் இறைச்சி ஆலைகள் எல்லாம் அதே முறைக்கு மாறிவிட்டன. இன்று மலிவான ஹாம்களிலும் பல சுருளாக வெட்டியே வருகின்றன. ஆகவே வெட்டுக்காக யாரும் தனிக்கடைக்குப் போக வேண்டியதில்லை.

மிச்சம் இருப்பது புகையும் மேல்பூச்சும். ஹனிபேக்ட் தன் தொடைகளைக் கடின மரச்சீவல் புகையில் 24 மணி நேரம் வரை வைப்பதாகச் சொல்கிறது. மலிவான ஹாம்களில் பலவற்றுக்குப் புகை மணம் திரவ வடிவில், உப்புநீரோடு சேர்ந்து உள்ளே போகிறது. நாக்கில் வைத்தால் வித்தியாசம் தெரியும்: திரவப் புகையின் மணம் முதல் கடியில் எடுப்பாக இருந்துவிட்டு உடனே மறைந்துவிடும், மரப்புகை ஏறிய இறைச்சியில் ஓரத்துக் கொழுப்பில்தான் மணம் தங்கியிருக்கும், மெல்ல மெல்ல வரும்.

ஆனால் உண்மையான வேறுபாடு மேல்பூச்சில் இருக்கிறது. தனிக்கடையில் சர்க்கரையும் மசாலாவும் கலந்த தூளை, ஈரம் துடைத்த மேற்பரப்பில் தூவி, கேஸ் டார்ச்சின் தீயால் அங்கேயே உருக்குவார்கள். சர்க்கரை உருகிக் கொப்புளித்து, ஆறியதும் கடலை மிட்டாய்ப் பாகின் பதத்துக்கு இறுகிவிடும். உள்ளே இருக்கும் இறைச்சிக்கு அந்தச் சூடு போய்ச் சேருவதே இல்லை. அதனால் அது ஈரப்பசை குறையாமல் இருக்கிறது. சூப்பர்மார்க்கெட் ஹாமோடு வரும் கிளேஸ் பாக்கெட் இப்படியல்ல. அதைத் தண்ணீரிலோ பழச்சாறிலோ கரைத்துப் பூச வேண்டும். ஓவனில் அது பாகாக ஓடித் தட்டில் தேங்கும், ஒருபோதும் மொறுமொறுப்பாகாது. பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுச் சர்க்கரையை எடுப்பதே மேல்.

ஆகத் தனிக்கடையில் நீங்கள் வாங்குவது மொறுமொறுப்பான மேலோடு, அடுத்ததாக நல்ல புகை, அதற்கடுத்து வேலை மிச்சம். நன்றியறிதல் நாளில் ஓவன் முழுக்க வான்கோழி உட்கார்ந்திருக்கும் வீட்டுக்கு இந்த மூன்றாவது சிறிய விஷயமல்ல. அடுப்பே தேவைப்படாத பிரதானப் பதார்த்தம் ஒன்று கையில் இருந்தால் சமையலறையின் முழு நாளும் இலகுவாகிறது.

சூடாக்கினால் என்ன ஆகிறது

வெட்டாத தொடையில் சூடு வெளியிலிருந்து மெல்ல உள்ளே இறங்கும். தோலோரக் கொழுப்பு நீரைக் காக்கும். சுருளாக வெட்டிய தொடையில் ஒவ்வொரு துண்டின் இரு முகமும் திறந்து கிடக்கின்றன. ஓவனில் ஏறியதும் துண்டுகள் விசிறியாக விரிந்து, ஓரங்கள் காய்ந்து சுருண்டு, எலும்பை ஒட்டிய பகுதி மட்டும் குளிர்ந்தே கிடக்கும். நடுப்பகுதிக்குச் சூடு போவதற்குள் ஓரம் அட்டையாகிவிடும். டார்ச்சில் இறுகிய சர்க்கரையோ ஓவனின் ஈர ஆவியில் கரைந்து தட்டில் வழியும். அதிக விலை கொடுத்து வாங்கிய மேலோடு தட்டின் அடியில் கருகிக் கிடக்கும்.

இதோடு இன்னொன்றும் இருக்கிறது, பலர் கவனிக்காதது. அமெரிக்க வேளாண் துறையின் வழிகாட்டுதலில், அரசு மேற்பார்வையுள்ள ஆலையில் பொட்டலமிட்டு, அந்தப் பொட்டலம் பிரிக்கப்படாத வெந்த ஹாமைச் சூடாக்கினால் உட்சூடு 140 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 60 செல்சியஸ், போதும். ஆலைக்கு வெளியே பிரித்து மறுபடி பொட்டலமிட்டதைச் சூடாக்கினால் 165 டிகிரி, அதாவது 74 செல்சியஸ் வரை போக வேண்டும். கடையிலேயே வெட்டிப் பூசிச் சுற்றித் தரும் ஹாம் இரண்டாவது வகையில்தான் வரும். 165 டிகிரிக்கு ஏறிய சுருள்வெட்டு ஹாம் காய்ந்துபோகாமல் இருக்க வழியே இல்லை. குளிர்ச்சியாக அப்படியே சாப்பிடுவதற்கு எந்தத் தடையும் கிடையாது. அது ஏற்கெனவே வெந்தது. தனிக்கடைகள் தாங்களே ‘குளிர்ச்சியாகப் பரிமாறுங்கள்’ என்று சொல்லித் தருவதைப் பொருட்படுத்துங்கள்.

சரியாகப் பரிமாறும் விதம் எளிது. சாப்பிடுவதற்கு அரை மணி முன்பு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, காகிதத்தைப் பிரித்து, தட்டில் வையுங்கள். கொழுப்பு கொஞ்சம் இளகினாலே புகையின் மணம் எழும்பிவிடும். மேசையில் மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சூடாக ஏதாவது வேண்டும் என்று கேட்கும் பெரியவர்களுக்கு நான்கைந்து துண்டுகளை மட்டும் எடுத்து, இரும்புச் சட்டியில் மூடிபோட்டு ஆவி நன்றாகப் பறக்கும் வரை புரட்டிக் கொடுங்கள். முழுத் தொடையையும் பலிகொடுக்க வேண்டாம்.

லேபிளில் இருக்கிறது பாதி விடை

சூப்பர்மார்க்கெட்டில் ஹாம் அடுக்கின் முன்னால் நிற்கும்போது விலைச்சீட்டுக்கு முன் படிக்க வேண்டியது பெயர். ஹாமுக்கு யார் எந்தப் பெயரும் வைத்துவிட முடியாது; கொழுப்பைக் கழித்த கணக்கில் எத்தனை சதவீதம் புரதம் இருக்கிறது என்பதை வைத்து வேளாண் துறை நான்கு படிகள் வகுத்திருக்கிறது. வெறுமனே ‘ஹாம்’ என்று இருந்தால் குறைந்தது 20.5 சதவீதம். ‘ஹாம் வித் நேச்சுரல் ஜூஸஸ்’ என்றால் 18.5. ‘ஹாம் வாட்டர் ஆடட்’ என்றால் 17. அதற்கும் கீழே போனால் ‘ஹாம் அண்ட் வாட்டர் ப்ராடக்ட்’. அதில் எத்தனை சதவீதம் சேர்மானம் என்று லேபிளில் எழுதியே ஆக வேண்டும்.

இது வெறும் காகிதக் கணக்கல்ல. 8 பவுண்டு ஹாம் ஒன்றில் ‘எடையில் 23 சதவீதம் சேர்மானம்’ என்று போட்டிருந்தால், 1.84 பவுண்டு உப்புநீருக்கு நீங்கள் இறைச்சி விலை கொடுக்கிறீர்கள். அந்த நீரை உள்ளே பிடித்துவைக்கப் பாஸ்பேட் உப்புகள் சேர்க்கப்படுகின்றன. அப்படிப்பட்ட ஹாமைக் கத்தியால் அறுத்துப் பார்த்தால் இழை தெரியாது. துண்டு வழவழவென்று மினுங்கி, விரலால் அழுத்தினால் ரப்பராக எம்பும். ஓவனில் வைத்தால் தட்டில் நீர் கட்டும். அந்த ஆவியில் எந்தக் கிளேஸும் ஒட்டாது. ‘வீட்டில் பூசினால் வழிந்துவிடுகிறது’ என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் பூசும் முறையில் தவறு செய்யவில்லை. வாங்கிய ஹாமிலேயே நீர் இருந்திருக்கிறது.

எலும்போடு இருக்கும் ஹாமில் ‘நேச்சுரல் ஜூஸஸ்’ படியைத் தேடுங்கள். அதற்கு மேல் வெறும் ‘ஹாம்’ கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் சாதாரணக் கடைகளில் அபூர்வம். அந்தப் படிக்குக் கீழே இறங்க வேண்டாம். தனிக்கடையிலும் இதே கேள்வியைக் கேட்கலாம்: ஆலையிலிருந்து வந்த உறையில் எந்தப் பெயர் இருந்தது என்று. தரமான கடை தயங்காமல் சொல்லும்.

இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. ‘பிக்னிக் ஹாம்’ என்று மலிவாகக் கிடைப்பது தொடையே அல்ல, முன்காலின் தோள்பகுதி. எலும்பும் தோலும் கொழுப்பும் அதிகம், சூப்புக்கு நல்லது, பண்டிகை மேசைக்கு ஆகாது. அடுத்தது, ‘முழுதாக வெந்தது’ என்ற சொல் உறையில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘சமைத்த பின் உண்ணவும்’ என்று இருந்தால் அது புகையேறியிருந்தாலும் வேகாத ஹாம். உட்சூடு 145 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு வந்து, மூன்று நிமிடம் ஆறவிட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். இரண்டும் ஒரே அடுக்கில், ஒரே மாதிரிச் சிவப்பு வலையில் தொங்கும்.

வெட்டாத ஹாமும் வீட்டுக் கிளேஸும்

சுடச்சுட வேண்டும் என்பவர்களுக்கு நாம் சொல்லும் வழி இது. எலும்போடு, வெட்டாத, முழுதாக வெந்த பாதி ஹாம், 8 பவுண்டு. பாதி என்பதில் இரண்டு வகை: கால்பக்கம், இடுப்புப்பக்கம். இடுப்புப்பக்கத்தில் சதை அதிகம். ஆனால் உள்ளே இடுப்பெலும்பு கோணலாக ஓடுவதால் அறுக்கும்போது கத்தி முட்டிக்கொண்டே இருக்கும். கால்பக்கத்தில் ஒரே நேர் எலும்பு. சதை கொஞ்சம் குறைந்தாலும் அழகான துண்டுகள் வரும். கறி வெட்டிப் பழகிய கை இல்லாத வீட்டுக்குக் கால்பக்கமே நல்லது.

சமைப்பதற்கு ஒன்றரை மணி முன்பே வெளியே எடுத்து வையுங்கள். எலும்பின் முனையில் சின்ன பிளாஸ்டிக் மூடி ஒன்று ஒட்டியிருக்கும்; எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். அதைத் தடவிப் பார்த்து எடுத்துவிடுங்கள். மேல்கொழுப்பைக் கால் அங்குலம் விட்டு மிச்சத்தைச் சீவி, கட்டமிட்டுக் கீறுங்கள். கீறல் கொழுப்போடு நிற்க வேண்டும், சதைக்குள் இறங்கினால் சாறு அந்த வழியாக வெளியேறும். வெட்டுமுகம் கீழே இருக்கும்படி ஆழமான தட்டில் வைத்து, ஒரு கப் தண்ணீர் ஊற்றி, தட்டை ஃபாயிலால் ஆவி போகாமல் மூடுங்கள். 325 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் பவுண்டுக்கு 18 முதல் 24 நிமிடம் ஆகும். 8 பவுண்டுக்கு இரண்டரையிலிருந்து மூன்றேகால் மணி நேரம். நேரத்தை நம்பாமல் தெர்மாமீட்டரை நம்புங்கள். முனை எலும்பைத் தொடாமல் சதையின் நடுவில் இருக்க வேண்டும். எலும்பைத் தொட்டால் எண் பொய் சொல்லும்.

உட்சூடு 120 டிகிரியைத் தாண்டியதும் ஃபாயிலை எடுத்துவிட்டு, தட்டில் சேர்ந்த நீரை வடித்துவிடுங்கள். இதை விட்டுவிடுவதால்தான் பாதிக் கிளேஸ் கெடுகிறது. மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஒரு கப் பழுப்புச் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி கடுகு விழுது, இரண்டு மேசைக்கரண்டி ஆப்பிள் வினிகர், கால் தேக்கரண்டி கிராம்புத் தூள் சேர்த்துக் கெட்டியாகக் குழைத்த விழுதைத் தடவி, ஓவனை 400 டிகிரிக்கு ஏற்றி 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். 140 டிகிரியில் வெளியே எடுங்கள். கிளேஸை முதலிலேயே பூசிவிட்டால் இறைச்சி சூடாவதற்குள் சர்க்கரை கருகிவிடும்.

தனிக்கடையின் மொறுமொறுப்பு வேண்டுமானால், விழுதுக்குப் பதில் டார்ச். அரை கப் வெள்ளைச் சர்க்கரையில் சிட்டிகை பட்டை, கிராம்பு, ஜாதிக்காய்த் தூள். மேற்பரப்பு காய்ந்திருக்க வேண்டும். மெல்லியதாகத் தூவி, தீயை நகர்த்திக்கொண்டே உருக்கி, அது இறுகியதும் அடுத்த அடுக்கு, மொத்தம் மூன்று. ஒரே தடவையில் கனமாகக் கொட்டினால் மேலே கரியும், கீழே உருகாத சர்க்கரையுமாக நிற்கும். ஹாமுக்கு அடியில் உலோகத் தட்டு இருக்கட்டும். மரப்பலகையோ பிளாஸ்டிக்கோ வேண்டாம். உருகிய சர்க்கரை கையில் பட்டால் கொதிநீரைவிட மோசமாகச் சுடும் என்பதால் குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். குளிர்ந்த ஹாமிலும் இதைச் செய்யலாம்: நல்ல சூப்பர்மார்க்கெட் சுருள்வெட்டு ஹாம் ஒன்றுக்கு இந்த மேலோட்டைப் போட்டுக் குளிர்ச்சியாகவே பரிமாறினால், தனிக்கடை ஹாமுக்கு வெகு அருகில் வந்துவிடும். புகையில் மட்டும்தான் பின்தங்கும்.

சூப்பர்மார்க்கெட் சுருள்வெட்டு ஹாமைச் சூடாக்கித்தான் ஆக வேண்டும் என்றால், 325 டிகிரியில் பவுண்டுக்கு 10 முதல் 18 நிமிடம், இறுக மூடி, வெட்டுமுகம் கீழே. ஓவனில் வைக்கும் பையில் போட்டுக் கட்டினால் இன்னும் ஈரம் நிற்கும். 140 டிகிரி வந்ததும் அப்போதே எடுத்துவிட வேண்டும்.

புகைக்கூடத்திலிருந்து வரவழைப்பது

மூன்றாவது வழி, புகையூட்டுவதையே தொழிலாகக் கொண்ட சிறு நிறுவனங்களிடம் நேராக வாங்குவது. விஸ்கான்சின் மாநிலம் விட்டன்பர்க்கில் 1933 முதல் இருக்கும் நூஸ்கீஸ், ஆப்பிள் மரப் புகைக்குப் பெயர் பெற்றது. சுவையில் இந்த வகை ஹாம்கள் தனிக்கடை ஹாமைத் தாண்டிவிடும் என்பது எங்கள் கருத்து: இனிப்பு குறைவு, புகை ஆழம், இழை தெளிவு. ஹாமை அதன் சுவைக்காகச் சாப்பிடுபவர்களுக்கு இதுவே முதல் தேர்வு. குழந்தைகளும் விருந்தாளிகளும் இனிப்பு மேலோட்டை எதிர்பார்க்கும் மேசைக்கு அது தனிக்கடைக்கு ஈடாகாது.

சிக்கல் அனுப்பும் செலவிலும் காலத்திலும் இருக்கிறது. 8 பவுண்டு இறைச்சி, நுரைப்பெட்டி, குளிர்க்கட்டி எல்லாம் சேர்ந்து கனம். பண்டிகை வாரத்தில் கூரியர் ஒரு நாள் தாமதித்தாலும் பெட்டிக்குள் சூடு ஏறிவிடும். பண்டிகைக்கு முந்தைய வாரமே வந்து சேரும்படி தேதி போட்டு, உறைந்து வந்தால் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உறைந்த பெரிய ஹாம் ஃப்ரிட்ஜில் உருக, பவுண்டுக்கு நான்கிலிருந்து ஏழு மணி நேரம்: 8 பவுண்டுக்கு 32 முதல் 56 மணி. வியாழக்கிழமை மதிய விருந்துக்குத் திங்கள் இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்ற வேண்டும். சமையல் மேடையில் வைத்து உருக்கினால் நடு உறைந்திருக்கும்போதே வெளிப்புறம் கெடத் தொடங்கிவிடும். தனிக்கடைகளும் தபாலில் அனுப்புகின்றன. ஆனால் பயணத்திலும் உருகலிலும் ஈரம் ஏறி அந்த மேலோடு இளகிவிடுவதால், தனிக்கடை ஹாமைத் தபாலில் வாங்குவதில் அர்த்தம் குறைவு. பக்கத்தில் கடை இல்லாதவர்கள் புகைக்கூடத்தையே நாடலாம்.

இதே பட்டியல்களில் ‘கன்ட்ரி ஹாம்’ என்று ஒன்று கண்ணில் படும். அது வேறு பண்டம். உப்பை மேலே தேய்த்து, காயவைத்து, மாதக்கணக்கில் முதிரவிடுவது. விதிப்படி குறைந்தது 70 நாள், எடையில் 18 சதவீதம் வற்றியிருக்க வேண்டும். வர்ஜீனியாவின் ஸ்மித்ஃபீல்ட் ஊரும், டென்னசியின் மேடிசன்வில்லில் 1947இலிருந்து இருக்கும் பென்டன்ஸும் இதற்குப் பேர்போனவை. மேலே பூஞ்சணம் பூத்திருப்பது இயல்பு. வெந்நீரில் தேய்த்துக் கழுவிவிட்டு, உப்பு இறங்க 4 முதல் 12 மணி நேரம் அல்லது அதற்கும் மேல் நீரில் ஊறவைத்து, பிறகுதான் சமைக்க வேண்டும். காகிதம் கனத்துக்குச் சீவி பிஸ்கெட் ரொட்டிக்குள் வைத்தால் அற்புதம். சாதாரண ஹாம் என்று நினைத்துத் தடித்த துண்டாகப் பரிமாறினால் யாராலும் இரண்டாவது வாய் வைக்க முடியாது. பன்னிரண்டு பேர் விருந்துக்கு இதை மட்டுமே நம்ப வேண்டாம்.

எவ்வளவு வாங்குவது

எலும்போடு என்றால் ஆளுக்கு அரை பவுண்டு. மிச்சமும் வேண்டுமானால் முக்கால். எலும்பில்லாததில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு. பன்னிரண்டு பேருக்கு 6 பவுண்டு போதும், 9 பவுண்டு வாங்கினால் மறுநாளுக்கும் இருக்கும். அதாவது பாதி ஹாம். முழு ஹாம் 14 முதல் 18 பவுண்டு. இருபத்தைந்து பேருக்குக் குறைவான வீட்டில் அது ஃப்ரிட்ஜை அடைத்துக்கொண்டு நிற்கும். வான்கோழியும் மேசையில் இருந்தால் கணக்கைப் பாதியாக்குங்கள். எலும்பில்லாத ஹாம் பலவற்றில் சதைத் துண்டுகளை ஒன்றாக அழுத்திக் கட்டியிருப்பார்கள். சாண்ட்விச்சுக்குச் சரி, விருந்துக்கு எலும்போடு இருப்பதே சுவை.

உப்பையும் சொல்லியாக வேண்டும். 3 அவுன்ஸ் ஹாமில் சோடியம் சுமார் 1,000 மில்லிகிராம். ஒரு நாளைக்குச் சொல்லப்படும் உச்சவரம்பு 2,300. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் பக்கப் பதார்த்தங்களில் உப்பைக் குறையுங்கள். உருளைக்கிழங்கு மசியலில் உப்பே போடாமல் விட்டாலும் ஹாம் ஈடுகட்டிவிடும். பன்றி சாப்பிடாத விருந்தாளிக்கு ‘டர்க்கி ஹாம்’ என்று கிடைக்கிறது: வான்கோழித் தொடையை அதே முறையில் உப்பூட்டியது. ஹலால் பார்ப்பவர்களுக்கு அதிலும் முத்திரையைப் பார்த்தே வாங்குங்கள்.

வாங்கிய நாளும் அடுத்த நாட்களும்

தனிக்கடை என்று முடிவானால் இரண்டு மூன்று வாரம் முன்பே எடை சொல்லிப் பதிவு செய்யுங்கள். கடைசி நாளில் நீங்கள் கேட்ட எடை இருக்காது, பெரியதுதான் மிஞ்சியிருக்கும். விருந்துக்கு ஒரு நாள் முன்பு எடுப்பது சிறந்தது. மேலோடு முதல் நாளில்தான் மொறுமொறுப்பாக இருக்கும். மூன்றாம் நாள் சர்க்கரை ஈரம் இழுத்து ஒட்டத் தொடங்கும். காரில் குளிர்ப்பெட்டி இருக்கட்டும். வீட்டில் கடை சுற்றிக்கொடுத்த ஃபாயிலிலேயே, தளர்வாக, பூச்சு மேலே இருக்கும்படி வையுங்கள். பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றினால் ஒரே இரவில் பாகாகிவிடும். ஃப்ரிட்ஜ் 40 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். முந்தின நாளே ஒரு தட்டைக் காலி செய்துவிடுங்கள்.

சுருள்வெட்டை எலும்பிலிருந்து பிரிப்பதற்கு, ஹாமைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, கூரான சிறு கத்தியை எலும்பைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டுங்கள். பிறகு வெட்டுமுகத்தில் தெரியும் தசைப் பிரிவுக் கோடுகளின் வழியே மேலிருந்து கீழ் நோக்கி இறக்கினால் துண்டுகள் தாமாக உதிரும். ஒரே தடவையில் முழுதையும் பிரிக்காதீர்கள். எலும்போடு இருக்கும் துண்டு காயாது.

மிஞ்சிய சுருள்வெட்டு ஹாம் ஃப்ரிட்ஜில் 3 முதல் 5 நாள், ஃப்ரீசரில் ஒன்றிரண்டு மாதம். மாதம் தாண்டினால் கெட்டுவிடாது, ஆனால் கொழுப்பு காறல் அடிக்கத் தொடங்கும். ஒரு வேளைக்கான அளவுகளாகப் பிரித்து, காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு உறையவையுங்கள். எலும்பைத் தனியாக எடுத்து, உடைத்த பட்டாணி ஒரு பவுண்டு, வெங்காயம், கேரட், எட்டு கப் தண்ணீரோடு இரண்டு மணி நேரம் மெல்லிய தீயில் கொதிக்கவிட்டால் சூப். அமெரிக்க வீடுகளில் பண்டிகைக்கு அடுத்த வாரச் சாப்பாடே இதுதான். எலும்பே உப்பைத் தரும் என்பதால் கடைசியில் ருசி பார்த்த பிறகுதான் உப்பில் கைவைக்க வேண்டும். தனிக்கடை ஹாமின் எலும்பு என்றால், அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை முதலில் வெந்நீரில் அலசிவிடுங்கள். இல்லையென்றால் சூப் தித்திக்கும்.